புல்லும் நீரும் உள்ள இடமே வாத்தின் வீடு

டிசம்பர் விடுமுறையில் உடப்புசல்லாவையிலிருந்து ராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு பஸ்ஸில் சென்றோம். விக்டோரியா பூங்காவில் சிலர் தொலைநோக்கியுடன் ஒரு புதரையே பார்த்துக்கொண்டு நின்றனர். அங்கே இருந்தது சிட்டுக்குருவியிலும் சிறிய ஒரு பறவை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று வழிகாட்டி சொன்னார். இமயமலைப் பக்கத்திலிருந்து வந்து குளிர்காலத்தை நமது மலைகளில் கழிக்கும் பறவை அது.

"இந்தச் சின்னக் குருவியே வருதென்றால், பெரிய காட்டு வாத்துகளும் இங்க வரும்தானே, ராத்தா?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நாம் வீட்டில் வளர்க்கும் தாராவிலிருந்து காட்டு வாத்துகள் வேறுபட்டவை. அவற்றின் கழுத்து நீண்டது, உடலும் பெரியது. உண்மையான காட்டு வாத்துகளை ஆன்சர், பிரான்டா என்னும் இரு சாதிகளில் அடக்குவர். இவை இயற்கையாக வாழ்வது பூமியின் வட அரைக்கோளத்தில் மட்டுமே. பனி வாத்து ரஷ்யாவின் ராங்கல் தீவிலும் வட அமெரிக்காவின் ஆர்க்டிக் பகுதியிலும் குஞ்சு பொரிக்கின்றது. சாம்பல் வாத்து ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஏரிகளையும் சதுப்புகளையும் நாடுகின்றது. ஹவாய்த் தீவுகளில் வாழும் நேனே வாத்து இடம்பெயர்ந்து செல்வதில்லை.

இவை ஏன் இத்தகைய இடங்களைத் தெரிவு செய்கின்றன? முதற் காரணம் உணவு. வாத்துகள் பெரும்பாலும் புல்லையே மேய்கின்றன. உண்ட புல்லில் ஒரு பகுதியே சமிபாடடைவதால் பகலின் பெரும்பகுதியும் மேய வேண்டியுள்ளது. ஆர்க்டிக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. இளம்புல்லும் நிறைய முளைக்கும். இரண்டாவது காரணம் பாதுகாப்பு. குஞ்சு பொரித்த பின்னர் வாத்துகளின் பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே காலத்தில் உதிர்கின்றன. சில வாரங்களுக்கு அவற்றால் பறக்க முடியாது. நரி வந்தால் தண்ணீரில் இறங்கித்தான் தப்ப வேண்டும். ஆகவே புல்லும் நீரும் அருகருகே இருக்க வேண்டும்.

நமக்கு மிக அண்மையில் வருவது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கரும்பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத், லடாக்கின் சோ மோரிரி போன்ற உயர்நில ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து இந்தியாவுக்கு வருகின்றது. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது ஒரு வாத்து 7,290 மீற்றர் உயரத்தில் பறந்தமை பதிவானது. நமது பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! ஒட்சிசன் குறைந்த அந்தக் காற்றிலும் அதன் ஈமோகுளோபின் ஒட்சிசனை நன்கு பற்றிக்கொள்கின்றது. பறவைகள் பறப்பதைச் சிந்தித்துப் பார்க்குமாறு சூரதுல் முல்க் நம்மை அழைப்பது இப்போது எனக்கு இன்னும் நன்றாக விளங்குகின்றது.

இந்த வாத்து தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூந்தன்குளம் வரை வருகின்றது. 1994இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் பறவைகள் அஞ்சிவிடும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக இடுகின்றனர். பறவையும் மனிதனும் ஒருவருக்கொருவர் உதவும் ஊர் அது.

அவ்வளவு தூரம் வந்த வாத்துக்குக் கடலைக் கடப்பது பெரிய காரியமல்ல. ஆனால் தேவையான குளமும் மேய்ச்சலும் இந்தியாவிலேயே கிடைத்துவிடுகின்றன. ஈப்பிடிப்பானுக்குத் தேவை பூச்சியும் மரநிழலும். அவை நமது குளிர்ந்த மலைகளில் உள்ளன. ஆகவே ஒரு பறவை எங்கே வாழும் என்பதைச் சிறகின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே அதற்கு உணவும் ஒதுங்க இடமும் இருக்க வேண்டும்.

வேட்டையாலும் மனிதர் கொண்டுவந்த விலங்குகளாலும் நேனே வாத்துகள் 1950களின் தொடக்கத்தில் ஏறக்குறைய முப்பதாகக் குறைந்தன. பின்னர் இங்கிலாந்தின் சிலிம்பிரிட்ஜிலும் ஹவாயிலும் வளர்த்து மீண்டும் காட்டில் விட்டதால் அவ்வினம் பிழைத்தது. அழிவது எளிது, மீட்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

தம்பியிடம் சொன்னேன்: "வாத்து இங்க வாறதில்ல. ஆனா வாற குருவிக்கு நாம இடம் வச்சிருக்கணும்." எங்கள் வீட்டின் பின்னால் ஓடும் ஓடைக்கரையில் புதர் மண்டியிருக்கும். அதை வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். குருவியின் கதையைச் சொன்ன பிறகு, பொலித்தீனை மட்டும் பொறுக்கினோம், புதரை விட்டுவிட்டோம். இந்தக் கட்டுரையை வாசிக்கும் தங்கைகளும் பெற்றோரும் தங்கள் வீட்டோரத்தில் ஒரு புதரையாவது விட்டுவைத்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த பருவத்தில் வரும் விருந்தாளிக்கு அது போதும்.