மேகம் கடலைக் குடிப்பதில்லை

எடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பிறந்துவிட்டால் கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். இழுவைப் படகுகளுக்குத் தடை இருக்கும் ஜூன், ஜூலைதான் அங்கே நல்ல சீசன். அந்த நாள்களில் கடலுக்கு மேல் எந்நேரமும் கருத்துத் திரண்டிருக்கும் மேகத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது என்பது. எப்போதாவது மேகத்தின் அடியிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு தூண் நீண்டு கடலைத் தொடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

அந்தத் தூணில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, அதுவும் மேகமே. சுழலும் காற்றின் நடுவில் அழுத்தம் குறைகிறது. அங்கே நுழையும் காற்று விரிகிறது, விரிந்ததும் குளிர்கிறது, அதிலிருந்த ஆவி துளியாகி வெண்மையாகத் தெரிகிறது. கடல்நீர் சிதறுவது தூணின் அடியில் மட்டும்தான். மற்றபடி கடல் மேலே போவது கண்ணுக்குத் தெரியாத ஆவியாக, உப்பைக் கீழேயே விட்டுவிட்டு.

அந்த ஆவி மேகமாவதை வீட்டில் செய்து காட்டப் பலரும் வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் வெந்நீர் ஊற்றி, மேலே ஐஸ் வைத்த தட்டால் மூடுகிறார்கள். அழகான சோதனைதான். ஆனால் வானத்தில் ஒரு குளிர்ந்த தட்டு இருப்பதாகவும், ஆவி போய் அதில் முட்டி மேகமாவதாகவும் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. பெரும்பாலான மேகங்கள் அப்படிப் பிறப்பதில்லை. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று தானே விரிந்து, தானே குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ். கரையில் வெப்பம் 30 பாகை, ஆவி துளியாகத் தொடங்கும் பனிப்படுநிலை 25 பாகை என்று வைத்துக்கொண்டால், சுமார் 600 மீட்டர் உயரத்திலேயே மேகத்தின் அடிப்பகுதி அமைந்துவிடும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது பாட்டில் சோதனையை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு மூன்று கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். மூடியை இறுக்கி, பாட்டிலை நன்றாக அழுத்திப் பிடித்து, சட்டென்று விடுங்கள். ஒன்றும் தெரியாது, அல்லது மிக லேசான மூட்டம் தெரியும். இப்போது பெரியவர் ஒருவர் தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைக் கொஞ்சம் உள்ளே விடட்டும். மூடி, அழுத்தி, ஐந்தாறு விநாடி கழித்து விடுங்கள். பாட்டில் முழுக்க வெண்மை பரவும். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் இன்னும் தெளிவு. மறுபடி அழுத்துங்கள்: மேகம் காணாமல் போகும்.

புகை எதற்கு? ஆவியும் குளிரும் இருந்தால் போதும் என்பதுதான் படித்தவர்களிடமும் இருக்கும் தவறான எண்ணம். துளி உருவாக ஆவி ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880களில் இதைச் சோதித்துக் காட்டினார். பென் நெவிஸ் மலையில் 1894-ல் மேகங்களைக் கண்டு மயங்கிய சி. டி. ஆர். வில்சன், மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் ஈரக்காற்றை விரியவைத்து மேகம் உண்டாக்கத் தொடங்கினார். அந்த வேலை மேகக் கலம் என்ற கருவியாக வளர்ந்து, அவருக்கு 1927-ல் நோபல் பரிசைத் தந்தது. தூசியே இல்லாத காற்றில் ஈரப்பதம் 400 விழுக்காட்டைத் தாண்டினாலும் துளி பிறக்கத் தயங்கும். நிஜ வானத்தில் அது 101-ஐத் தாண்டுவதே அரிது. துகள்கள் அதற்குள் வேலையை முடித்துவிடுகின்றன.

விழிஞ்ஞத்தில் அந்தத் துகள்களுக்குப் பஞ்சமே இல்லை. பாறைகளில் அலை மோதிச் சிதறும் திவலைகளும், நுரைக்குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளும் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாக மிதக்கின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது அடுக்களையில் உப்பு ஜாடி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். நீரைவிட்டுப் பிரிந்த உப்பு இப்படித் தனி வழியில் மேலேறி, அதே நீர் துளியாவதற்கு விதையாகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்படிப் பிறக்கும் மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர். ஒரு மழைத்துளி சேர அப்படி ஏறத்தாழ பத்து லட்சம் வேண்டும்.

இன்னொரு நம்பிக்கை மலைக்குக் கிழக்கே, நம் பக்கத்தைச் சேர்ந்தது: மலை மேகத்தைத் தடுத்துவிடுகிறது, அதனால்தான் தென்மேற்குப் பருவத்தில் திருநெல்வேலிச் சமவெளிக்கு மழை இல்லை என்பது. ஆனால் மேகம் 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையைத் தாண்டியும் வருகிறது. மேற்குச் சரிவில் பெருமளவு நீரைக் கொட்டிவிட்ட காற்று, கிழக்கே இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடாகிறது. மிச்சத் துளிகள் மீண்டும் ஆவியாகிவிடுகின்றன. ஜூன் மாதம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மேற்கே பாருங்கள்: மலை முகட்டில் வெண்மேகம் வழிந்துகொண்டே இருக்கும், பாதிச் சரிவுக்குள் கரைந்துகொண்டே இருக்கும். மேகம் உண்டான பாட்டிலை மறுபடி அழுத்தும்போது நடப்பது இதுவே.