பிழைக்கு இடங்கொடுக்கும் பாடம்

பிழை விடாது கற்றவர் எவருமிலர். ஆயின், விமானம் ஓட்டுவோன் விடும் பிழை அவனுயிரையே கொள்ளக்கூடும். இவ்விடர்க்கு விளையாட்டே வழிகாட்டிய வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பார், 1929ஆம் ஆண்டளவில், தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையிற் பயின்ற துருத்திகளைக் கொண்டு, நிலத்தில் நின்றவாறே சாய்ந்தும் திரும்பியும் அசையும் பயிற்சி விமானமொன்றை அமைத்தார். முதலில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே விரும்பி வாங்கின. 1934இல் அஞ்சல் சுமந்து பறந்த படை விமானிகள் பலர் மாண்டனர். அதன் பின்னரே அமெரிக்கப் படை அவற்றுள் ஆறினை வாங்கிற்று.

யப்பானிய நின்ரெண்டோ நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'பைலற்விங்ஸ்' என்னும் வீட்டுத் தொலைக்காட்சி விளையாட்டும் இவ்வழிப்பட்டதே. இதில் ஆடுவோன் ஒரு மாணவன். சிறுவிமானம் ஓட்டவும், வான்குடையுடன் குதிக்கவும் பழகுகின்றான். எடுத்த நேரம், இலக்குத் தவறாமை, இறங்கிய முறை என்பவற்றிற்கு வெவ்வேறாகப் புள்ளி உண்டு. ஆசிரியர் குறையை எடுத்துரைப்பார். தேறாதவன் மீண்டும் தொடங்கலாம்.

இவ்விளையாட்டினால் மட்டும் ஒருவன் விமானியாகிவிடான். எனினும், ஆசிரியராகிய நாம் இதனிடம் கற்பதற்கு ஒன்றுண்டு. பிழை எவ்விடத்து நேர்ந்ததெனக் காட்டாது, மொத்தப் புள்ளியை மட்டும் சிவப்பு மையால் இடுகின்றோம்; மறுமுறை எழுத இடமளிப்பதுமில்லை. வகுப்பறையில் விடும் பிழை எவருயிரையும் கொள்வதன்று. அங்கும் மாணவன் பிழைக்கு அஞ்சுவானாயின், குறை நம்முடையதே.