நூலிழையில் நழுவியவை: விளையாட்டில் ஆறாத தோல்விகள் – முக்கியக் குறிப்புகள்

பொது அறிவுக்குப் படிக்கும்போது வென்றவர் பெயர், நாடு, ஆண்டு என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறோம். நான்காவதாக வந்தவருக்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது. ஆனாலும் மில்கா சிங்கையும் பி.டி. உஷாவையும் ஒலிம்பிக் பதக்கம் இல்லாமலேயே நாடு நினைவில் வைத்திருக்கிறது. எண்ணை மட்டும் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். அந்த எண்ணால் அடிபட்ட மனிதரையும் சேர்த்துப் படித்தால் தேர்வு அறையில் தானாக நினைவுக்கு வரும். அதனால்தான் சில குறிப்புகளை வேண்டுமென்றே நீட்டி எழுதியிருக்கிறேன்.

ரோம், 1960

● மில்கா சிங், 400 மீட்டர் ஓட்டம், இறுதிப்போட்டி நாள் செப்டம்பர் 6. இடம்: நான்கு.

● தங்கம் ஓடிஸ் டேவிஸ் (அமெரிக்கா), வெள்ளி கார்ல் காஃப்மன் (ஜெர்மனி). இருவருக்கும் 44.9 வினாடி, உலக சாதனை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் யார் முதல் என்று முடிவு செய்தார்கள். வெண்கலம் மால்கம் ஸ்பென்ஸ் (தென்னாப்பிரிக்கா), 45.5. மில்கா 45.6.

● குழப்பம் வேண்டாம்: சில புத்தகங்களில் 45.6 என்றும் சிலவற்றில் 45.73 என்றும் இருக்கும். இரண்டுமே சரி. முன்னது கையால் நிறுத்தும் கடிகாரக் கணக்கு, பின்னது மின்னணுக் கணக்கு. மின்னணுக் கணக்கில் ஸ்பென்ஸ் 45.60. வித்தியாசம் 0.13 வினாடி. தூரத்தில் சொன்னால் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும்.

● பலர் கவனிக்காமல் விடும் குறிப்பு: 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 440 கஜ ஓட்டத்தில் மில்கா தங்கம் வென்றபோது, அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் இதே ஸ்பென்ஸ். இரண்டே ஆண்டில் கணக்கு திரும்பிவிட்டது. முதல் பாதியில் முன்னணியில் இருந்தபோது வேகத்தைச் சற்று அடக்கியதே தவறு என்று மில்கா பின்னாளில் பலமுறை சொன்னார். பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரத்துக்கு அடுத்தபடியாக ரோமைத்தான் வைத்தார்.

● அந்த 45.73 தேசிய சாதனையாக 38 ஆண்டுகள் நின்றது. 1998-இல் பரம்ஜித் சிங் முறியடித்தார்.

● ஆசியப் போட்டித் தங்கங்கள்: 1958 டோக்கியோ (200 மீ., 400 மீ.), 1962 ஜகார்த்தா (400 மீ., 4×400 தொடர் ஓட்டம்). பத்மஸ்ரீ 1959. மறைவு 18 ஜூன் 2021.

● மில்கா தோற்று மூன்றே நாளில், செப்டம்பர் 9 அன்று, அதே ரோமில் ஹாக்கி இறுதிப்போட்டி. பாகிஸ்தான் 1, இந்தியா 0. கோல் அடித்தவர் நசீர் பந்தா. இந்திய அணித் தலைவர் லெஸ்லி கிளாடியஸ். 1928 முதல் தொடர்ந்து 6 தங்கம் வென்ற வரிசை அன்றோடு அறுந்தது. 1964 டோக்கியோவில் தங்கம் திரும்ப வந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ், 1984

● பி.டி. உஷா, 400 மீட்டர் தடை ஓட்டம், ஆகஸ்ட் 8. உஷா 55.42 வினாடி. வெண்கலம் பெற்ற ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41 வினாடி.

● தங்கம் நவால் எல் முத்தவாகில் (மொராக்கோ), 54.61. வெள்ளி ஜூடி பிரௌன் (அமெரிக்கா). ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்தப் போட்டி நடந்தது அதுவே முதல்முறை.

● திறனறிப் பகுதிக்கும் உதவும் சின்னக் கணக்கு: 400 மீட்டரை 55.42 வினாடியில் ஓடினால் சராசரி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.2 மீட்டர். நூறில் ஒரு பங்கு வினாடிக்கு 7.2 சென்டிமீட்டர். உங்கள் சுட்டுவிரலை நீட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லைக்கோட்டில் மார்பை முன்னே சாய்க்கத் தவறினார் என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் காரணம். உஷா வேறொன்றையும் சொல்லியிருக்கிறார். ஒலிம்பிக் கிராமத்தில் தனக்கு ஒத்துப்போன உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டே காலம் தள்ளியதாகவும், கடைசி 35 மீட்டரில் அது தன்னைப் பாதித்ததாகவும் பேட்டியில் கூறினார். தோற்ற வீராங்கனையின் உடல் சாய்ந்ததா இல்லையா என்று நாற்பது ஆண்டு பேசிய நாம், அவர் தட்டில் என்ன இருந்தது என்பதை அதில் பாதியளவாவது பேசியிருக்க வேண்டும்.

● பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார், துரோணாச்சாரியா விருதை முதன்முதலில் (1985) பெற்றவர்களில் ஒருவர். 1986 சியோல் ஆசியப் போட்டியில் உஷா 4 தங்கம், 1 வெள்ளி. 2022-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவர்.

● தமிழ்நாட்டுத் தேர்வர்கள் அடிக்கோடிட வேண்டியது: 2 அக்டோபர் 2023, ஹாங்சோ ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் ஓடிய நேரமும் 55.42. முப்பத்தொன்பது ஆண்டு நின்ற தேசிய சாதனை சமன் ஆனது. நூறில் ஒரு பங்குகூட ஏறவில்லை, இறங்கவில்லை. மறுநாள் இறுதியில் வித்யா வெண்கலம் வென்றார்.

நான்காம் இட வரிசை (வேகமாகத் திருப்பிப் பார்க்க)

● 1956 மெல்போர்ன்: கால்பந்தில் இந்தியா நான்காம் இடம். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா மூன்று கோல்.

● 2004 ஏதென்ஸ்: லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணை வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோவேஷியாவின் ஆன்சிச், லூபிசிச் இணையிடம் தோற்றது. கடைசி செட் 16–14.

● 2012 லண்டன்: ஜாய்தீப் கர்மாகர், துப்பாக்கி சுடுதல்.

● 2016 ரியோ: தீபா கர்மாகர் (திரிபுரா), ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. அவர் 15.066, வெண்கலம் 15.216. அதே ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவும் நான்காவது. இரண்டு கர்மாகர்களையும் மாற்றி எழுதிவிட வேண்டாம்.

● 2020 டோக்கியோ (நடந்தது 2021): கோல்ஃபில் அதிதி அசோக். பெண்கள் ஹாக்கியில் வெண்கலத்துக்கான ஆட்டம், பிரிட்டன் 4, இந்தியா 3.

● 2024 பாரிஸ்: ஒரே ஒலிம்பிக்கில் ஆறு நான்காம் இடம். அவற்றுள் மீராபாய் சானு தூக்கியது 199 கிலோ, வெண்கலம் 200 கிலோ. ஸ்கீட் கலப்பு அணி சீனாவிடம் 43–44.

பாரிஸ், 2024: 100 கிராம்

● வினேஷ் போகத், மல்யுத்தம், 50 கிலோ பிரிவு. ஆகஸ்ட் 6-இல் ஒரே நாளில் மூன்று வெற்றி. முதலில் ஜப்பானின் யூய் சுசாகி (3–2), அடுத்து உக்ரைனின் ஒக்சானா லிவாச், அரையிறுதியில் கியூபாவின் குஸ்மான் (5–0). சுசாகி அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன். பன்னாட்டுப் போட்டிகளில் அதுவரை தோற்றதே இல்லை. கடைசி விநாடிகள் வரை பின்தங்கியிருந்த வினேஷ் அவரை வீழ்த்தினார். ஒலிம்பிக் இறுதிக்கு நுழைந்த முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார்.

● அன்றிரவு அவர் தூங்கவில்லை. போட்டி நாளில் உண்டதும் குடித்ததும் எடையாக ஏறிவிட்டன. உடற்பயிற்சி, வியர்வை வெளியேற்றும் அறை, தலைமுடியைக் கொஞ்சம் வெட்டியதும்கூட நடந்தது. ஆகஸ்ட் 7 காலை தராசு காட்டியது 50 கிலோ 100 கிராம். கூடியிருந்தது ஒரு சின்ன சோப்புக் கட்டியின் எடை.

● அப்போதைய விதி என்ன? போட்டி நடக்கும் இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். இரண்டாம் நாள் எடை கூடினால் முதல் நாள் வெற்றிகளும் கணக்கில் வராது, பட்டியலில் கடைசி இடம். அவருக்குப் பதிலாக இறுதியில் ஆடியவர் அரையிறுதியில் அவரிடம் தோற்ற குஸ்மான். தங்கம் சாரா ஹில்டபிரான்ட் (அமெரிக்கா). சுசாகிக்கு வெண்கலம்.

● வெள்ளியையாவது பகிர்ந்து தரக் கோரிய மனு விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடி. தீர்ப்பாயத்தின் தலைமையிடம் லோசான், சுவிட்சர்லாந்து.

● விதிப்படி நடந்தது சரிதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் முதல் நாள் சரியான எடையில் நின்று வென்ற மூன்று ஆட்டங்களை மறுநாள் தராசு அழிக்கலாம் என்பதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

● அக்டோபர் 2024: ஹரியானாவின் ஜுலானா தொகுதியிலிருந்து சட்டமன்ற உறுப்பினர்.

ஹாக்கி: டெல்லி 1982, சிட்னி 2000

● 1 டிசம்பர் 1982, டெல்லி ஆசியப் போட்டி இறுதி: பாகிஸ்தான் 7, இந்தியா 1. சொந்த மண், நிரம்பி வழிந்த அரங்கம். கோல்காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி. ஆட்டத்தை விலைபேசி விட்டார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2007-இல் வந்த ‘சக் தே இந்தியா’ படத்தின் நடிகைகளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தவர் அவரே. அந்தத் தோல்வியின் நிழலில் மறைந்துபோன செய்தி: அதே போட்டியில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பெண்கள் ஹாக்கியில் இந்தியா தங்கம் வென்றது. போட்டியின் சின்னம் அப்பு யானை.

● சிட்னி 2000: போலந்தை வென்றால் அரையிறுதி. 1–0 என முன்னிலை. கடைசி நிமிடங்களில் போலந்து சமன் செய்ய, 1–1. பயிற்சியாளர் நம் வாசுதேவன் பாஸ்கரன், 1980 மாஸ்கோ தங்க அணியின் தலைவர். அணியில் தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் வளர்ந்த தமிழர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் ஆடியும் அவருக்குப் பதக்கம் வாய்க்கவில்லை.

மரக்கானா, 1950

● 16 ஜூலை 1950, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கம், கால்பந்து உலகக் கோப்பை. உருகுவே 2, பிரேசில் 1. முதல் கோல் பிரேசிலின் ஃப்ரியாசா. பிறகு ஷியாஃபினோ, 79-ஆவது நிமிடத்தில் கிஜியா. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர்.

● தவறாகப் படிக்க வேண்டாம்: அந்த உலகக் கோப்பையில் ‘இறுதிப்போட்டி’ என்ற ஒன்று கிடையாது. நான்கு அணிகள் மோதிய கடைசிச் சுற்றின் கடைசி ஆட்டம் இது. பிரேசிலுக்குச் சமன் செய்தாலே போதும்.

● வெள்ளைச் சட்டை அதன்பின் கைவிடப்பட்டது. இன்றைய மஞ்சள் சட்டை வந்தது இந்தத் தோல்வியால்தான். கோல்காப்பாளர் பார்போசாவை நாடு 2000-இல் அவர் இறக்கும்வரை மன்னிக்கவில்லை. தன் நாட்டில் கொடுங்குற்றத்துக்கே 30 ஆண்டுதான் தண்டனை, தனக்கோ 50 ஆண்டு என்று அவர் வருந்தினார்.

● இந்தியாவும் அந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, ஆனால் போகவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுத்ததே காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதை மட்டும் காரணமாக எழுதிவிட வேண்டாம்.

கிரிக்கெட் உலகக் கோப்பை

● 1996 அரையிறுதி, கொல்கத்தா, இலங்கைக்கு எதிராக. 120/8 என்றபோது ரசிகர்கள் கலவரம், ஆட்டம் இலங்கைக்கு. அழுதபடி வெளியேறியவர் வினோத் காம்ப்ளி.

● 2003 இறுதி, ஜோகன்னஸ்பர்க்: ஆஸ்திரேலியாவிடம் 125 ரன். 2019 அரையிறுதி, மான்செஸ்டர்: நியூசிலாந்திடம் 18 ரன், தோனி ரன் அவுட்.

● 19 நவம்பர் 2023 இறுதி, அகமதாபாத்: தொடர்ந்து 10 வெற்றிக்குப் பின் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. இந்தியா 240, டிராவிஸ் ஹெட் 137. தொடர் நாயகன் விராட் கோலி (765 ரன்), அதிக விக்கெட் முகமது ஷமி (24).

சேப்பாக்கம்: 1986, 1987, 1999

● எம்.ஏ. சிதம்பரம் மைதானம். முதல் டெஸ்ட் 1934. டெஸ்ட் வரலாற்றில் இந்தியாவின் முதல் வெற்றி இங்குதான், 1952, இங்கிலாந்துக்கு எதிராக.

● செப்டம்பர் 1986, ஆஸ்திரேலியாவுடன் ‘டை’. உலகின் இரண்டாவது ‘டை’ டெஸ்ட். முதலாவது பிரிஸ்பேன், 1960. கடைசியாக ஆட்டமிழந்தவர் மனிந்தர் சிங்.

● 9 அக்டோபர் 1987, உலகக் கோப்பை, அதே மைதானம், அதே ஆஸ்திரேலியா. எதிரணி 268 என்று முடிந்தது. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பவுண்டரி உண்மையில் சிக்ஸர் என்று இடைவேளையில் ஆஸ்திரேலியா முறையிட, கபில்தேவ் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். இலக்கு 271 ஆனது. உள்ளூர்க்காரர் ஸ்ரீகாந்த் 70, முதல் ஒருநாள் ஆட்டம் ஆடிய சித்து 73. இந்தியா 269, ஒரு ரன்னில் தோல்வி. ஒரு பந்து மீதம் இருக்கையில் ஸ்டீவ் வாக் பந்தில் போல்டானவர் மறுபடியும் மனிந்தர்.

● ஜனவரி 28–31, 1999, பாகிஸ்தானுடன் டெஸ்ட். டெல்லி ஆடுகளத்தைப் போராட்டக்காரர்கள் தோண்டிப்போட்டதால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. இலக்கு 271. இந்தியா 82/5. அங்கிருந்து சச்சின், நயன் மோங்கியா (52) இணை 136 ரன் சேர்த்தது. முதுகுவலியில் சுருண்டபடி ஆடிய சச்சின், 17 ரன் தேவைப்பட்டபோது சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடிக்கப்போய் வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். அவர் எடுத்ததும் 136. அடுத்த நான்கு ரன்னுக்குள் மூன்று விக்கெட். 258-க்கு எல்லாரும் அவுட். 12 ரன் தோல்வி. சக்லைனுக்கு ஆட்டத்தில் 10 விக்கெட். பாகிஸ்தானின் அஃப்ரிடி 141.

● ஆட்ட நாயகன் சச்சின். உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்த அவர் பரிசை வாங்க வெளியே வரவில்லை. வெளியே கேலரியில் முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு மூலையில் கைதட்டல் எழுந்து அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. வாசிம் அக்ரமின் அணி திரும்பி வந்து மைதானத்தைச் சுற்றி ஓடியது. அவர்கள் ஒரு சுற்று முடிக்கும்வரை சேப்பாக்கம் உட்காரவில்லை.