அடுப்பு எங்கே, தொட்டி எங்கே?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். சுவர் எழும்பிவிட்டது. அடுக்களையில் மேடை கட்ட வேண்டும்.

மேஸ்திரி கேட்கிறார்: "அடுப்பு எந்த மூலையிலுங்க? கழுவுற தொட்டி எந்தப் பக்கமுங்க?"

மாமியார் சொல்கிறார்: "அடுப்பு அக்கினி மூலையிலதான். தென்கிழக்குல வையுங்க."

"மலையாளத்துக்காரங்க வடகிழக்குலதானுங்க அடுக்களை வைப்பாங்க" என்கிறார் மேஸ்திரி.

"குழாய் வர்ற பக்கம் தொட்டியை வையுங்க. பைப் செலவு மிச்சம்" என்கிறார் மகன்.

மருமகளை யாரும் கேட்கவில்லை. தினமும் மூன்று வேளை அங்கே நிற்கப் போகிறவர் அவர்தான்.

முதலில் மூலையைப் பார்ப்போம். தென்கிழக்கு, வடகிழக்கு இரண்டும் கிழக்குப் பக்கமே. காலை வெளிச்சம் அங்கே கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பலமாக வீசும். அப்போது கிழக்குப் பக்கத்து அடுக்களையின் புகை வீட்டுக்குள் வராது. வெளியே போய்விடும். ஆனால் மார்கழி, தையில் கிழக்கிலிருந்து காற்று வரும். அப்போது அதே புகை வீட்டுக்குள் திரும்பும். எனவே மூலை மட்டும் போதாது. புகைக்குழாயும் வேண்டும்.

புகையைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களில் ஒரு புகையில்லா அடுப்பை வீடு வீடாகப் பரப்பியது. மக்கள் அதைப் 'பரிஷத் அடுப்பு' என்றார்கள். பரிஷத்தின் தொழில்நுட்ப மையம் பாலக்காடு மாவட்டம் முண்டூரில் உள்ளது. இந்த அடுப்பில் தீ முதல் பானைக்கு அடியில் எரியும். மிச்சச் சூடு அடுத்த பானைக்குப் போகும். புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போகும். குழாய் கூரையைவிட உயரமாக இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் காற்று புகையைத் திருப்பித் தள்ளும். குழாயில் படியும் கரியை அவ்வப்போது தட்டி எடுக்க வேண்டும்.

மூணாறு, தேவிகுளம் லயங்களில் வேறு தொல்லை. அங்கே குளிர் அதிகம். கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு அடுப்பருகே உட்காருவார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ஆளையே கொல்லும். எவ்வளவு குளிர் அடித்தாலும் காற்று வர ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

கேஸ் அடுப்புக்குக் கணக்கு வேறு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். எனவே சிலிண்டரைக் குழியில் வைக்கக் கூடாது. சமதரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அடுப்பைச் சன்னலுக்கு நேர் கீழே வைத்தால் காற்றில் தீ அணையும். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். கசிவு வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இனி தொட்டி. நம் வீடுகளில் சோறு வடிக்கிறோம். கொதிக்கும் பானையை அடுப்பிலிருந்து தொட்டிக்குக் கொண்டு போகிறோம். அடுப்பு ஒரு சுவரில், தொட்டி எதிர்ச் சுவரில் என்று வைத்துக் கொள்ளுங்கள். பானையோடு திரும்பி நடக்க வேண்டும். பின்னால் குழந்தை தவழ்ந்து வந்தால்? இரண்டும் ஒரே மேடையில் இருந்தால் பானையை நகர்த்தினாலே போதும். அதற்காக ஒட்டி வைப்பதும் தவறு. தொட்டித் தண்ணீர் எண்ணெய்ச் சட்டியில் தெறிக்கும். நடுவில் இரண்டு, மூன்று அடி இடம் விடலாம். காய் நறுக்க அந்த இடம் உதவும். (யார் மேலாவது கஞ்சி கொட்டிவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசை, மை தடவ வேண்டாம்.)

மேஸ்திரி போன பிறகு மருமகள் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். "அத்தை, நீங்க சொன்ன மூலையிலேயே அடுப்பு இருக்கட்டும். தொட்டி இதே மேடையில, இந்தக் கோடியில வரட்டும். வடிக்கிறப்ப திரும்ப வேண்டாம்" என்றார். மாமியார் கோட்டின் மேல் நின்று கையை அசைத்துப் பார்த்தார். "இதுவும் சரிதான்" என்றார். பைப்புக்குச் சில அடி கூடும். அந்தச் செலவு வீண் அல்ல.

இப்படி நடந்து பார்த்து அளப்பது ஜெர்மனியிலும் நடந்தது. 1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண், பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்கு அடுக்களை வரைந்தார். வேலைக்கு ஆகும் நேரத்தையும் நடையையும் அளந்து பார்த்தே வரைந்தார். அகலம் 2 மீட்டர்கூட இல்லை. வேலை மேசை சன்னலுக்குக் கீழே. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது கட்டப்பட்டது. லயத்து அடுக்களை சின்னது என்று வருந்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

தொட்டி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் கழிவுநீர் சுலபமாகப் போகும். குழாய்க்கு நாலடிக்கு ஓர் அங்குலம் சரிவு வேண்டும். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடலாம். கிணற்றுப் பக்கம் விடக் கூடாது.

பயிற்சி: உங்கள் வீட்டு அடுக்களையின் படத்தை நோட்டில் வரையுங்கள். அடுப்பு, தொட்டி, சன்னல், கதவு என்று பெயர் எழுதுங்கள். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை எட்டு? எண்ணி எழுதுங்கள்.