ஆடம்ஸ் குடும்பத்தார்

மன்னராட்சியை எதிர்த்துப் பிறந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ். ஆறாம் தலைவர் அவருடைய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ். தந்தைக்குப் பின் மகன் என்றால், விரட்டப்பட்ட மன்னராட்சி கொல்லைப்புற வழியாக மீண்டதா? வரலாற்றுப் பாடத்தில் இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு எழுந்த ஐயம் இது. ஆனால் இருவரையுமே மக்கள் நான்காண்டுகளுக்கு மேல் பதவியில் வைக்கவில்லை. இக்குடும்பத்தில் வழிவழியாக வந்த சொத்து, ஊரே எதிர்த்தாலும் தனித்து நிற்கும் பிடிவாதமே என்பது என் கருத்து.

ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் ஓர் உழவரின் மகன். 1770இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலப் படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். ஊர் கொதித்தெழுந்த அவ்வேளையில் அப்படையினருக்காக வழக்காடியவர் விடுதலை வேட்கை கொண்ட இவரே! தலைவரான பின், தம் கட்சியிலேயே பலர் போர் வேண்டுமென்று நிற்க, பிரான்சுடன் சமாதானம் நாடினார். கட்சி பிளவுபட்டது, 1800 தேர்தலில் ஜெபர்சனிடம் தோற்றார். இவரையும் குறை சொல்லாமல் விட முடியாது. அரசைத் தாக்கி எழுதுவோரைத் தண்டிக்கும் 1798ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் இவரே.

மகனின் கதை இதற்கு நேர்மாறு. 1824 தேர்தலில் ஜாக்சன் 99 வாக்காளர் வாக்குகளும் குவின்சி ஆடம்ஸ் 84ம் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் பிரதிநிதிகள் சபை குவின்சியைத் தேர்ந்தது. பேரம் நடந்தது என்ற பழி கடைசிவரை நீங்கவில்லை, 1828இல் தோற்றார். வேறொருவராயின் வீட்டோடு இருந்திருப்பார். இவரோ 1831இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபையில் போய் அமர்ந்தார்!

அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பங்களைப் படிக்காமலே ஒதுக்கிவிட வேண்டும் என்று 1836இல் அச்சபை ஒரு வாய்ப்பூட்டு விதி செய்தது. விண்ணப்பிப்பது குடிமக்களின் உரிமை என்று கூறி, கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைக் கொண்டுவந்து நீட்டினார் முதியவர். 1842இல் இவரைக் கண்டிக்கத் தீர்மானம் வந்தது. தம் தரப்பைப் பல நாட்கள் பேசிப் பேசியே எதிரிகளைக் களைப்படையச் செய்தார், தீர்மானம் கைவிடப்பட்டது. 1844இல் அவ்விதியே நீங்கியது. இடையே, 1841இல், ஆமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காகத் தம் 73ஆம் வயதில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலை பெற்றனர். 1848 பிப்ரவரி 21இல் சபையிலேயே மயங்கி விழுந்தவர், இரண்டு நாள் கழித்து அக்கட்டடத்திலேயே உயிர் துறந்தார். தந்தை பேச்சுக்குப் போட்ட பூட்டை மகன் உடைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் தலைவர் பதவியை எட்டவில்லை. ஆயினும் பாட்டனும் தந்தையும் வகித்த லண்டன் தூதர் பொறுப்பு 1861இல் இவரிடம் வந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட நேரம். இங்கிலாந்தின் மேல்தட்டினரில் பலர் தென்மாநிலங்கள் பக்கம் சாய்ந்திருந்தனர். தென்மாநிலங்களுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட இரு இரும்புக் கவசக் கப்பல்களைப் பற்றி இவர் விடாது முறையிட்டு வந்தார். 1863இல் அவை தடுத்து நிறுத்தப்பட்டன. தென்மாநிலங்களைத் தனி நாடாக இங்கிலாந்து இறுதிவரை ஏற்கவில்லை.

லண்டனில் இவருக்குச் செயலராக இருந்தவர் மகன் ஹென்றி ஆடம்ஸ். அவர் அரசியலுக்கு வரவில்லை, வரலாறு எழுதினார். தம் கொள்ளுப்பாட்டனைத் தோற்கடித்த ஜெபர்சனின் ஆட்சியையும், அடுத்து வந்த மாடிசனின் ஆட்சியையும் ஒன்பது தொகுதிகளில் எழுதியவர் அவரே.