துணியால் யானைப் பொம்மை தைத்தல்: புதிதாகப் பழகுவோர்க்கு ஒரு பாடம்

ஓய்வு நேரமும் கைத்தொழிலும்

நீலகிரி ஜில்லா, கூடலூர் தாலூகாவைச் சேர்ந்தது ஓவேலி. 1847-ம் வருஷத்தில் நீலகிரி மலையை அளந்து விவரம் எழுதிய ஊக்டர்லோனி என்னும் அதிகாரியின் குடும்பத்தார் இப்பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் போட்டனர். அவர் பெயரே சுருங்கி ஊர்ப்பெயராயிற்று. இன்று அங்கே தேயிலையே முக்கியமான விளைபொருள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடிகளும், 1964-ம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிக் கூடலூர்ப் பிரதேசத்தில் குடியேறிய தமிழரும், மலையாளிகளும் அக்கம்பக்கமாக வாழ்கின்றனர்.

தென்மேற்குப் பருவமழை கனத்துப் பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் தோட்டவேலை அடிக்கடி தடைப்படும். மற்ற மாதங்களிலும் மாலை மங்கியபின் காட்டானைகளுக்கு அஞ்சி ஜனங்கள் வெளியே நடமாடத் தயங்குவர். ஆகவே வீட்டுக்குள் கழியும் நேரம் அதிகம். அந்நேரத்தில் செய்யத்தக்கதாயும், அதிக முதல் வேண்டாததாயும், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரக்கூடியதாயும் உள்ள கைத்தொழில்களில் துணிப்பொம்மை தைத்தலும் ஒன்று. ஊசி, நூல், கத்தரி, துண்டுத்துணி, பஞ்சு ஆகியவை இருந்தால் போதும். தையல் யந்திரம் ஆரம்பத்தில் அவசியமில்லை. கைத்தையல் திருந்துமுன் கடன் வாங்கி யந்திரம் வாங்குவது விவேகமன்று.

யானைப் பொம்மையின் சரித்திரம்

ஜெர்மனி தேசத்தில் கீங்கென் என்னும் சிற்றூரில் 1847-ம் வருஷத்தில் பிறந்தவர் மார்கரேட் ஸ்டைஃப் என்ற அம்மையார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் கண்டு கால்கள் செயலற்றுப்போயின, வலக்கையும் பலவீனமுற்றது. ஆயினும் அவர் தையல் கற்று, கம்பளித் துணியால் உடை தைத்து விற்று ஜீவித்தார். 1880-ம் வருஷத்தில் ஒரு பத்திரிகையில் வந்த மாதிரிப்படத்தைப் பார்த்து, ஊசி குத்திவைக்க உதவும் சிறு யானை ஒன்றைத் தைத்தார். உற்றார் உறவினருக்குக் கொடுத்த அந்த யானைகளை அவர்கள் வீட்டுக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொண்டனர். கேட்போர் பெருகவே அதுவே பெருந்தொழிலாயிற்று. இன்று உலகெங்கும் விற்கும் பஞ்சடைத்த பொம்மைகளின் வரலாற்றில் அந்த யானைக்குத் தனி இடமுண்டு.

நம் நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமியால் வாழ்விழந்த மீனவப் பெண்களுக்கு ஆரோவில்லிலுள்ள உபாசனா என்னும் நிலையம் துண்டுத்துணியால் சிறு பொம்மை செய்யக் கற்பித்தது. ‘சுனாமிகா’ எனப் பெயரிடப்பட்ட அப்பொம்மைகளுக்கு விலை குறிப்பதில்லை; அன்பளிப்பாகவே வழங்கினர். கூடலூர்ப் பிரதேசத்துப் பழங்குடியினர் காட்டை அடைத்து வளரும் உண்ணிச்செடியின் தண்டைக்கொண்டு ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானை உருவங்களைச் செய்ய, அவை 2021-ம் வருஷத்தில் லண்டன் நகரப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தோடர் ஸ்திரீகள் துணியின் இழையை எண்ணிப் போடும் பூவேலை 2013-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. மலைநாட்டுக் கைகளுக்கு ஊசியும் புதிதன்று, யானையும் புதிதன்று.

வேண்டிய சாமான்கள்

துணி: காடாத் துணி, பழைய பருத்திச் சேலை, தையற்கடையில் மிஞ்சும் துண்டுகள் ஆகியவை ஏற்றவை. இழுத்தால் நீளும் பனியன் துணி புதிதாகப் பழகுவோர்க்கு ஆகாது. பஞ்சு அடைக்கும்போது உருவம் கோணிவிடும். எந்தத் துணியையும் வெட்டுமுன் ஒரு தடவை துவைத்து உலர்த்தவேண்டும். இல்லாவிடில் பின்னால் சுருங்கும். சாயத்துணியானால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கவேண்டும். சாயம் ஒட்டினால் அத்துணியை விலக்குக. குழந்தை பொம்மையை வாயில் வைக்கும்.

பஞ்சு: இலவம் பஞ்சு போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வருவது பிரசித்தம். அது இலேசானது, தண்ணீரை எளிதில் ஏற்காது. ஆனால் தூசாய்ப் பறக்குமாதலால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அடைக்கவேண்டும். பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். மலைநாட்டு மழைக்காலத்தில் பூசணம் பூக்கும். பாலியெஸ்டர் பஞ்சு துவைத்தாலும் சீக்கிரம் உலரும். தவிடு, உமி, மரத்தூள் ஆகியவற்றில் ஈரமும் பூச்சியும் சேரும், அவற்றை நீக்குக.

மாதிரி வரைதல்

பழைய நாட்காட்டி அட்டையில் 8 அங்குல நீளமும் 6 அங்குல உயரமும் உள்ள நீள்சதுரக் கட்டம் ஒன்று வரைக. அதன் அடிக்கோட்டை இடப்பக்கமிருந்து இவ்வாறு பிரிக்கவேண்டும்: துதிக்கை 1½ அங்குலம், இடைவெளி 1 அங்குலம், முன்கால் 2 அங்குலம், இடைவெளி 1½ அங்குலம், பின்கால் 2 அங்குலம். ஆக 8 அங்குலம். கால்களின் உயரம் 2 அங்குலம். துதிக்கையின் நுனி அடிக்கோட்டுக்கு 1 அங்குலம் மேலே முடியட்டும். தலை, முதுகு, பிட்டம் ஆகியவற்றை உருண்டையான கோட்டால் சேர்த்து, எல்லா மூலைகளையும் மழுக்கி, வரைந்த உருவத்தை வெட்டி எடுக்கவேண்டும். துதிக்கையை அழகுக்காக இன்னும் மெல்லியதாக வரைவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 1½ அங்குலத்துக்குக் குறைந்தால் அதைப் புரட்டுவதும் அடைப்பதும் கஷ்டம். காதுக்கு 2½ அங்குல அகலத்தில் ஒருபுறம் தட்டையான வட்டம் ஒன்று தனியே வரைக.

துணியின் நல்ல முகம் உள்ளே இருக்கும்படி மடித்து, அட்டையை வைத்துப் பென்சிலால் கோடிடவேண்டும். துணியின் கரைக்கு இணையாக ஓடுவது பாவு நூல். யானையின் கால்கள் அதே திசையில் நிற்கவேண்டும். குறுக்குவாட்டில் வெட்டினால் ஒரு கால் நீண்டு ஒரு கால் முறுகும். 36 அங்குல அகலமுள்ள துணி ஒரு மீட்டரில் காதுகளையும் சேர்த்து 6 பொம்மைகளுக்குத் தாராளமாக வெட்டலாம்.

தையல்

அனுபவமுள்ளோர் முதலில் வெட்டிப் பின்பு தைப்பர். பழகுவோர் முதலில் கோட்டின்மேல் தைத்து, பின்பு வெட்டுவதே நலம்; துணி நழுவாது. குண்டூசிகளால் இரு மடிப்பையும் பிணைத்துக்கொள்ளவேண்டும். மூன்று இழை தடித்த நூலைப் பின்னி, 2 அங்குல வாலாக்கி, பிட்டத்தின் கோட்டில் இரு துணிக்கும் நடுவே உள்நோக்கி வைக்கவேண்டும். வெளிநோக்கி வைத்தால் புரட்டியபின் வால் பொம்மைக்குள் மறைந்துவிடும்.

நூலை இரட்டையாக்கி முடிச்சிட்டுப் பின்தையல் போடவேண்டும். அதாவது, ஊசியை ஒரு தையல் தூரம் முன்னே எழுப்பி, பின்வாங்கி முந்திய தையல் முடிந்த இடத்தில் இறக்கி, மறுபடி இரண்டு தையல் தூரம் முன்னே எழுப்புதல். ஓர் அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் விழவேண்டும். வெறும் ஓட்டத்தையல் சீக்கிரம் முடியும். ஆனால் பஞ்சின் அழுத்தத்தில் வாய் பிளக்கும். முதுகின் நேரான பாகத்தில் 2½ அங்குலம் தைக்காமல் விட்டு, அவ்வாயின் இரு முனையிலும் இரண்டு தடவை தைத்து உறுதி செய்யவேண்டும். வளைவில் வாய் விட்டால் பின்னால் அழகாக மூட முடியாது.

பிறகு தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டி எடுக்கவேண்டும். துதிக்கைக்கும் காலுக்கும் நடுவிலும், இரு கால்களுக்கு நடுவிலும் உள்ள உள்வளைவுகளில் கத்தரி நுனியால் தையலுக்கு மிக அருகே வரை, தையல் அறுபடாமல், கீறல் இடவேண்டும். இதைச் செய்யாமல் புரட்டினால் அவ்விடங்கள் சுருக்கம் விழுந்து இழுத்துக்கொண்டு நிற்கும். வெளிவளைவுகளில் சிறு முக்கோணங்களாக வெட்டி நீக்குக. பின்பு கூரற்ற பென்சிலின் உதவியால் துதிக்கை முதலில், கால்கள் பிறகு எனப் புரட்டவேண்டும்.

பஞ்சடைத்தலும் முடித்தலும்

பஞ்சைப் பிய்த்து உதறி, விரல் நுனியளவு சிறு திரளாக, துதிக்கையிலும் கால்களிலும் முதலில் அடைக்கவேண்டும். பெருங்கட்டியாகத் திணித்தால் வெளியே கரடுமுரடு தெரியும். அதைப் பின்னால் திருத்த வழியில்லை. தலையும் துதிக்கையும் சேரும் கழுத்தருகில் குறைவாக அடைத்தால் சில நாளில் தலை தொங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மீளும்வரை அடைப்பது அளவு.

வாயை மூடும்போது இருபுற விளிம்பையும் கால் அங்குலம் உள்ளே மடித்து, ஒருபுற மடிப்பினுள் சிறிது தூரம் ஊசியை ஓட்டி, எதிர்ப்புற மடிப்பினுள் அதே அளவு ஓட்டி, ஏணிப்படிபோல் மாறி மாறிச் சென்று நூலை இழுக்க, தையல் மறைந்து வாய் மூடும். காதுகளை இரண்டிரண்டாகத் தைத்துப் புரட்டி, தட்டைப் பக்கத்தை உள்மடித்து, சிறு கொசுவம் வைத்து இருமுறை சுற்றித் தைக்கவேண்டும். இவ்வாறு தைத்த யானை தனியே நிற்காது. சாய்த்து வைக்கலாம், குழந்தை கையில் பிடிக்கலாம். இத்தகைய பொம்மை மூன்று தைத்தபின், வயிற்றுத்துணி தனியே வைத்து நாலு கால் யானை தைக்கப் பழகலாம்.

குழந்தைக்கு அபாயம் வராத வழி

பொம்மையின் மதிப்பு அதன் அழகில் மட்டுமில்லை. அதைக் கையில் கொடுப்பவர் பயமின்றிக் கொடுக்கக்கூடியதாய் இருப்பதிலும் இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எதையும் வாயில் போட்டுக் கடிப்பர். பொத்தானும் மணியும் கழன்றால் மூச்சுக்குழாயை அடைக்கும். ஆகையால் கண்களைக் கறுப்பு நூலால் தைத்தே அமைக்கவேண்டும். ஊசிகளையும் குண்டூசிகளையும் வேலை துவங்குமுன் எண்ணி, முடிந்தபின் மறுபடி எண்ணவேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை எந்தப் பொம்மையும் வீட்டைவிட்டு வெளியே போகலாகாது. முடிந்த பொம்மையை வலிய காந்தம் ஒன்றால் நாலா பக்கமும் தடவிப் பார்ப்பதும் நல்ல வழக்கம். காதையும் வாலையும் பலமாக இழுத்துப் பார்க்கவேண்டும். பெரியவர் இழுப்புக்கு வருவது குழந்தை கடிக்கும் வரும். மழைக்காலத்தில் பொம்மையை உலர்த்த அடுப்பருகே தொங்கவிடலாகாது; இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றும்.

விற்பனையும் சங்கமும்

1904-ம் வருஷத்துச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மட்டுமே இடந்தந்தது. 1912-ம் வருஷத்துச் சட்டமே உற்பத்திக்கும் விற்பனைக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டுறவு ஆலைகளால் அடைந்த அனுபவமும், தமிழ்நாட்டில் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்கள் பள்ளிச் சீருடை தைத்துக் கூலி பெறும் வழக்கமும் அங்கத்தினர்கள் அறிந்தவையே. தனியே ஒருத்தி வாங்கும் பஞ்சும் துணியும் சில்லறை விலையில் கிடைக்கும். இருபது பேர் சேர்ந்தால் மொத்த விலையில் கிடைக்கும். ஆனால் சங்கத்தின் பெயரால் விற்கும் பொம்மையில் ஒன்று கெட்டால் இருபது பேரின் பெயரும் கெடும். ஆகையால் தைத்தவர் அல்லாத வேறொருவர் ஒவ்வொரு பொம்மையையும் பார்த்துப் பதிவேட்டில் குறித்தபின்பே ஏற்கவேண்டும்.

விலை குறிக்கும்போது துணி, பஞ்சு, நூல், கெட்டுப்போன துண்டு, போக்குவரத்து ஆகியவற்றோடு தைத்த நேரத்துக்குரிய கூலியையும் எழுதவேண்டும். ஓய்வு நேரந்தானே என்று கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, உழைத்தவர் தம் உழைப்பை வாங்குவோருக்கு இனாமாகத் தருவதாகும். கூலி சேர்த்த விலைக்குச் சந்தையில் கிராக்கி இல்லையெனில், அதை முன்கூட்டியே அறிவது நஷ்டப்பட்டு அறிவதைவிட மேல். அப்பொழுதும் தொழில் வீணாகாது. சொந்த வீட்டுக் குழந்தைக்குப் பொம்மையும், கிழிந்த உடையைத் தைக்கும் கையும் மிஞ்சும்.

மத்திய சர்க்காரின் 2020-ம் வருஷத்துப் பொம்மைத் தர உத்தரவு 2021-ம் வருஷம் ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். கைவினை அபிவிருத்தி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எனவே விற்பனை எண்ணமுள்ள அங்கத்தினர்கள் முதலில் கைவினைஞராகப் பதிவு செய்துகொள்ளுதல் அவசியம்.

சங்கக் கூட்டத்தில் ஆராயவேண்டிய கேள்விகள்

1. உள்வளைவில் கீறல் இடாவிட்டால் என்ன நேரும்?

2. ஓவேலி போன்ற ஈரமான இடத்துக்கு எந்தப் பஞ்சு ஏற்றது? ஏன்?

3. ஒரு பொம்மைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று? அந்நேரத்துக்குத் தோட்டத்தில் கிடைக்கும் கூலி என்ன?

4. ஊசி எண்ணும் பொறுப்பும் பொம்மை பார்க்கும் பொறுப்பும் சங்கத்தில் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன?