எக்காளம் ஊதியாயிற்றா?



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் தாயொருவர் பங்குமனை வாசலில் காத்து நின்றார். கடலை நம்பி வாழும் குடும்பம். அவருடைய மகன் டைனமைட் வெடி போட்டு மீன் பிடிப்பவர்களோடு படகேறத் தொடங்கியிருந்தான்.

"சுவாமி, நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். அவன் கேக்கிறானில்லை. இனி நான் ஏன் வாய் திறக்க வேணும்?" என்றார்.

இக்கேள்வி அத்தாய்க்கு மட்டும் உரியதன்று. குடிக்கும் கணவனைத் திருத்த முயலும் மனைவியும், மாலைச் செபத்துக்குப் பிள்ளைகளை அழைத்து அழைத்துச் சலித்த தந்தையும் இதையே கேட்கின்றனர். யாரும் செவிகொடாதபோது நமது கடமை எது வரை?

காவலனின் கணக்கு

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. நகரின் காவலன் பகைவரின் வாள் வருவதைக் காண்கிறான். கண்டும் எக்காளம் ஊதாதிருந்தால், மடிபவரின் இரத்தப்பழி அவன் மேல் வரும். அவன் ஊதியும் மக்கள் அசட்டையாக இருந்தால் பழி அவர்களையே சேரும். காவலன் தன் உயிரைக் காத்துக்கொள்வான்.

எத்தனை பேர் விழித்தார்கள் என்று ஆண்டவர் காவலனிடம் கணக்குக் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நீ ஊதினாயா என்பதே கேள்வி. பிறருடைய மனத்தைத் திறக்கும் திறவுகோல் நம் கையில் இல்லை. நம் வாய் மட்டுமே நம்முடையது.

இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்

நம் நாட்டு வரலாறும் இதையே போதிக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடா நாட்டு விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டார். தப்பியோட எண்ணாமல் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. குழுவினர் ஒன்பது பேரில் மூவர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். அச்செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறின. ஆயினும் மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலையில், பகைவர் வானில் தோன்றியபோது இரத்மலானையில் போர் விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றன! ஏப்ரல் 9ஆம் திகதி நமது திருகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி எரிந்தது.

எழுபத்தேழு ஆண்டுகளின் பின், 2019ஆம் ஆண்டு, அதே ஏப்ரல் 4ஆம் திகதி மற்றோர் எச்சரிக்கை இந்தியாவிலிருந்து வந்தது. அது கடிதமாகி, கைமாறி, மேசைக்கு மேசை சென்றது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் கடமையில் தவறினர் என்று 2023 சனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்தப் பணித்தது.

எச்சரிக்கை எவரிடம் வந்து சேர்கிறதோ அவரே அந்நொடியில் காவலனாகிறார். இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணமே உறக்கத்தின் முதற்படி.

முதலில் விழிப்பது யார்?

அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது. நம் வீட்டுக்கு வந்த எச்சரிக்கைகளை நாம் என்ன செய்தோம்?

டைனமைட் மீன்பிடி சட்டத்தால் தடுக்கப்பட்டது. வெடியின் அதிர்ச்சி பெரிய மீனோடு குஞ்சையும் கொல்கிறது. மீன் குடியிருக்கும் பவளப்பாறையை நொறுக்குகிறது. செத்த மீனில் ஒரு பங்கு மிதக்காமல் அடியில் கிடந்து அழுகும். கையை இழந்தவர்களும் உண்டு. இவையெல்லாம் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீன் மலிவாகக் கிடைத்தால் நாமும் வாங்குகிறோம்!

எனவே அத்தாயிடம் நான் ஒன்றே கேட்டேன்: "அம்மா, மகன் கொண்டுவரும் காசில்தானே உலை வைக்கிறீர்கள்?" அவர் பேசாமல் போய்விட்டார். கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று அன்று முழுதும் என் மனம் உறுத்தியது.

சில கிழமைகளின் பின் அவரே வந்தார். "சுவாமி, அவன் இன்னும் போறான். ஆனா அந்தக் காசை நான் தொடுறதில்லை. இடியப்பம் அவிச்சு விக்கிறன். முந்தி நான் ஏசினா எதிர்த்துப் பேசுவான். இப்ப என்ர முகத்தைப் பாக்கிறானில்லை" என்றார்.

மகன் மாறவில்லை, தாய் விழித்துக்கொண்டார். உறங்கும் காவலன் ஊதும் எக்காளம் யாரையும் எழுப்பாது. நமது வாழ்வு விழித்திருந்தால், வாய் ஓய்ந்த பின்னும் அது பேசும்.

ஒன்றை மறவாதிருப்போம். எக்காளம் ஊதுவது ஓயாமல் ஏசுவதன்று. தவறு செய்த சகோதரனை முதலில் தனியே சந்திக்கும்படி ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். சந்தியில் வைத்து அவமானப்படுத்தினால் அவன் செவி இன்னும் இறுகும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. தெரிந்தும் சொல்லாமல் நான் மறைத்த எச்சரிக்கை எது?

2. நான் கண்டிக்கும் தவறின் பலனில் எனக்கும் பங்குண்டா?

3. என்னை எழுப்ப முயன்று களைத்துப்போனவர் யார்?

இன்றைய மாலைச் செபத்தின் பின் இம்மூன்றையும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குத் தாய் தந்தையர் முதலில் பதில் சொல்வார்களாக.